ஏழு நெல்

நாகநாதன் தாம்பாளத்தை நீட்டினான். விஜயலட்சுமி வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவுக்குக் குறுக்கே நின்றாள். போகியன்று சாயங்காலம், சிங்கப்பூர் ஈசூனில் ஒன்பதாவது மாடி. லிஃப்டிலிருந்து வெளியே வந்த சீனக் கிழவர் ஒருவர், பூவும் பானையுமாக நிற்கும் இந்த ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

“ஊர்லேருந்து உங்க அண்ணன் பொங்கச் சீர் குடுத்து அனுப்பியிருக்காரு, தங்கச்சி. வாங்கிக்கங்க, கை வலிக்குது.”

“எந்த அண்ணன்?” என்றாள் விஜயலட்சுமி.

தங்கச்சியாம்! இருபது நாள் லீவில் ஊருக்குப் போகிறவரைக்கும் ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆள்தான் இவன். அவள் ஊரான வலங்கைமான் பக்கம் போய் நாலு நாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததும் உறவு முளைத்துவிட்டது. அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

“விஜி, வந்தவனை வாசல்ல நிக்க வச்சு என்ன விசாரணை? உள்ள விடு” என்று பின்னாலிருந்து அவள் புருஷன் இளஞ்செழியன் குரல் கொடுத்தான். அவனும் நாகநாதனும் ஒரே கப்பல் பட்டறையில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறார்கள். சிநேகிதன் என்று வந்துவிட்டால் இளஞ்செழியனுக்குக் கண் தெரியாது, காது கேட்காது.

அவள் நகர்ந்து வழி விட்டாள். தாம்பாளத்தை மட்டும் தொடவில்லை. நாகநாதன் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த பத்திரத்தை எடுத்து, வெற்றிலைக்கு அடியில் செருகினான். செருகியதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

“அது ஒண்ணும் இல்ல, சின்ன ஃபார்மாலிட்டி. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹைகமிஷன்ல டோக்கன் போட்டு வச்சிருக்கேன். பொங்கலைச் சாப்பிட்டுட்டு ஒரு எட்டு போயி அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்.”

ஒன்றும் இல்லையாம். அவள் அப்பா துரைராசு விட்டுப்போன நிலம் பதினெட்டு மா, ஆறு ஏக்கர். அதில் சரிபாதி அவளுடையது. அந்தப் பாதியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ள அண்ணன் இராஜாங்கத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தேன் என்று அவள் எழுதிக் கொடுக்கிற பவர் பத்திரம் அது. சீருக்கு அடியில் வைத்துச் சீமாட்டி மாதிரி வந்திருக்கிறது.

இவளும் அண்ணனும் பேசி ஒரு வருஷம் ஆகிறது. பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்த மூன்றாம் மாதம் அப்பா செத்துப்போனார். இவள் விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பெரிய வயலில் ஒரு மூலையாவது தன் பேரில் இருக்கட்டும் என்று அண்ணனிடம் மெதுவாகத்தான் சொன்னாள். அவன் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, “கட்டிக் குடுத்து அனுப்புனவளுக்கு இங்க என்ன மண்ணு இருக்கு?” என்றான். அத்தனை சனமும் அவள் முகத்தைப் பார்த்தது. பாதிச் சாப்பாட்டில் இலையை மடிக்காமல் எழுந்தவள்தான். அதற்கப்புறம் அவனும் போன் போடவில்லை, அவளும் போடவில்லை.

என்ன மண் இருக்கிறது என்று கேட்டவனுக்குத் தெரியாதா? மலேசியாவில் ஹோட்டல் வேலை என்று சொல்லி அவன் மூன்று வருஷம் போனபோது, அப்பாவுக்கு ஒரு கை விளங்காமல் போயிருந்தது. கல்லூரியை நிறுத்திவிட்டு அந்தப் பதினெட்டு மாவையும் பார்த்தது இவள்தான். நாற்றங்கால் விட்டது, ஆள் கூப்பிட்டது, முறைத் தண்ணீருக்கு மேல்மடைக்காரனோடு சேற்றில் நின்று சண்டை போட்டது, எல்லாம் இவள். அவன் திரும்பி வந்தபோது களத்தில் நெல் குவிந்து கிடந்தது. இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

ஆகவே, நாகநாதன் போனபிறகு, தாம்பாளத்தை மறுநாள் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவது என்றுதான் அவள் இருந்தாள். இளஞ்செழியன்தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். “எழுதிக் குடுத்துட்டுத் தொலைச்சுடு விஜி. அங்க போயி நீயா உழப்போறே? எனக்கு நிம்மதி வேணும்.”

“உங்க நிம்மதிக்கு எங்க அப்பன் நிலம்தானா கிடைச்சுது?”

சத்தம் போட்டுக்கொண்டே தாம்பாளத்தைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் பானையைச் சரியாகப் பார்த்தாள். அம்மாவின் வெண்கலப் பானை. விளிம்பில் அந்தப் பழைய நெளிசல். பக்கத்தில் வெல்லம், ஒரு சுங்குடிச் சேலை, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு மூட்டை. மூட்டைக்குள் இரண்டு படி பச்சரிசி. மூட்டையைப் பற்றி நாகநாதன் போகிறபோது சொல்லிவிட்டுத்தான் போனான்: “பெரிய வயல் புது அரிசி. மொத அறுப்புல மொத மரக்கா. அப்பா இருந்தா அனுப்பியிருப்பாருன்னு சொல்லிக் குடுத்தாரு.”

அனுப்பியிருப்பார்தான். அவள் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த பன்னிரண்டு வருஷமும், யார் இந்தப் பக்கம் வந்தாலும் அவர்கள் பெட்டியில் ஒரு படி புது அரிசியை அப்பா திணித்து அனுப்பாமல் இருந்ததில்லை. சம்பா அறுப்பு முழுசாக ஆகியிருக்காது. பொங்கலுக்கென்று ஒரு மூலையை மட்டும் அறுத்து, அடித்து, காயவைத்து, ஊர் மில்லில் அரைத்து அனுப்புவார். போன வருஷம் சாவு விழுந்த வருஷம், அண்ணன் வீட்டில் பொங்கலே கிடையாது. இந்த வருஷம் அவனாக நினைத்து அனுப்பியிருக்கிறான்.

அடுப்படி வெளிச்சத்தில் செய்தித்தாளை விரித்து அரிசியைக் கொட்டினாள். உமி நீங்காத நெல் ஒன்று கிடந்தது. இன்னும் ஒன்று. கடை அரிசியில் நெல் கிடக்காது. வீட்டு நெல்லை ஊர் மில்லில் அரைத்தால்தான் இப்படித் தப்பி வரும். தேடித் தேடிப் பொறுக்கினாள். ஏழு நெல். குப்பையில் போட மனசு வரவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

அரிசியை மோந்து பார்த்திருக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷம் நெல்லைப் பல்லால் கடித்தே வியாபாரிகளை விரட்டியவள் அவள். கண்ணில் தண்ணீர் நிற்கும்போது அரிசி எங்கே தெரியும்?

“நாளைக்கு வர்றேன்னு உங்க சிநேகிதர்ட்ட சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுடுறேன். அவன் அவ்ளோ நெனச்சு அனுப்பியிருக்கான், நானும் விட்டுக் குடுத்துட்டுப் போறேன்” என்றாள் புருஷனிடம். இளஞ்செழியன் உடனே போனை எடுத்தான். அவள் மனசு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டுமாம்.

விடிந்ததும் வீடு நிறைந்தது. மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் வருஷா வருஷம் பொங்கல். இந்த வருஷம் விஜயலட்சுமி வீட்டு முறை. கீழ்த்தளத்தில் இருக்கும் நஃபீசா இரண்டு தேங்காயோடு முதலில் வந்தாள். பட்டுக்கோட்டைக்காரி, அவள் புருஷன் ஹபீப் முகம்மது அதே கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருக்கிறார். பெருநாளைக்கு அவள் வீட்டு பிரியாணி இவர்களுக்கு, பொங்கலுக்கு இவர்கள் வீட்டுப் பானைக்கு அவள் தேங்காய். அப்படி ஒரு ஏற்பாடு.

அப்புறம் நாகநாதனும் அவன் மனைவி தங்கமணியும் வந்தார்கள். தங்கமணி பட்டுச் சேலையில் சரசரத்தாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“இந்தத் தடவ ஊருக்குப் போனது வீணாப் போகலக்கா. ரோட்டோரமா ரெண்டு மனை முடிச்சிருக்கோம். ஒண்ணு கெழக்குப் பாத்த மூலை மனை. பஸ் ஸ்டாண்டே பக்கத்துல வரப்போவுதாம்.”

“தங்கமணி, புள்ளைங்களுக்குக் கரும்பை வெட்டிக் குடு போ” என்றான் நாகநாதன் சட்டென்று.

“கரும்பு எங்க ஓடிப்போவுது? நான் மனையைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“போன்னா போ!”

தங்கமணி உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். விஜயலட்சுமிக்கு அப்போது அது ஒன்றும் உறைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில் இல்லை?

கியாஸ் அடுப்புக்கு இரண்டு பக்கமும் சேரங்கூன் ரோட்டில் வாங்கிய கரும்பைச் சாய்த்து வைத்து, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, பாலை ஊற்றினாள். பால் நுரைத்து ஏறிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. பிள்ளைகள் தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டு “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள். நாகநாதன் எல்லாருக்கும் மேலாகக் கத்தினான். கத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவள் அரிசியைப் போட்டாள். புது அரிசிக்குத் தண்ணீர் கணக்கு அவளுக்குக் கைப்பழக்கம். ஒரு பங்கு அரிசிக்குப் பாலும் தண்ணீருமாக மூன்று பங்கு. புது அரிசி தண்ணீர் அதிகம் கேட்காது. சீக்கிரம் குழைந்து கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். பழைய அரிசி என்றால் ஐந்து பங்கு ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று நிற்கும். டெல்டாவில் பிறந்த எந்தப் பெண்ணும் அரிசியின் வயசைப் பானையில் தெரிந்துகொள்வாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. மூடியைத் திறந்தாள். தண்ணீரைக் காணோம். அரிசி பருக்கை பருக்கையாக விறைத்துக்கொண்டு நின்றது. அடுப்பைக் குறைத்து, இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். அதையும் குடித்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். நடுவில் வெள்ளையாகக் கல் மாதிரி நின்றது.

“வெல்லத்தைப் போடுங்கக்கா, நேரமாவுது” என்றாள் தங்கமணி.

“வேகாத அரிசில வெல்லத்தைப் போட்டா அப்புறம் சென்மத்துக்கும் வேகாது. பேசாம இரு.”

நஃபீசா எட்டிப் பார்த்து, தானும் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள். “என்ன விஜயா இது, புது அரிசின்னே? எங்க கடை அரிசியே இதைவிட நல்லாக் குழையுமே. இது ரெண்டு வருசத்துப் பழசு மாதிரில்ல இருக்கு?”

“சிங்கப்பூர் தண்ணி நம்ம ஊர் அரிசிக்கு ஒத்துக்காதுங்க” என்றான் நாகநாதன் ஹாலிலிருந்து.

விஜயலட்சுமி கரண்டியோடு திரும்பினாள். “பன்னெண்டு வருசமா இதே குழாய்த் தண்ணில எங்க அப்பா அனுப்புன அரிசி குழைஞ்சுது. இந்த வருசம் மட்டும் ஒத்துக்கலையா? யாருக்குப் பூச்சுத்துறீங்க?”

“விஜி!” என்றான் இளஞ்செழியன். “நல்ல நாளும் அதுவுமா அரிசிக்கா சண்டை? அடுப்பு சரியில்லாம இருக்கும்.”

“அடுப்பு நல்லாத்தான் இருக்கு.”

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அண்ணன் நம்பரை ஒரு வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை. இங்கே பத்து மணி என்றால் அங்கே ஏழரை. இந்நேரம் அவனும் பொங்கல் வைத்துக்கொண்டுதான் இருப்பான். ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அவளுக்கே தெரியாது என்ன கேட்கப் போகிறோம் என்று. மனசு முழுக்க ஒரே ஒரு ஆசைதான். தன் கை தப்பு என்று இருந்துவிடட்டும். அண்ணன் தப்பாக இருக்க வேண்டாம்.

“விஜயா!” என்று உருகினான் இராஜாங்கம். “நல்லா இருக்கியாம்மா? பொங்கிச்சா? எந்தப் பக்கம் பொங்கிச்சு?”

“கெழக்கால பொங்கிச்சுண்ணே. சீர் வந்துச்சு.”

“அம்மா பானையைப் பாத்தியா? உனக்குன்னுதான் அனுப்புனேன். நாகநாதன் விவரமெல்லாம் சொன்னாரா?”

“சொன்னாரு. மத்தியானம் போறோம்.” பானையைப் பார்த்தாள். “அரிசி எந்த வயலுண்ணே?”

“இதென்ன கேள்வி? நம்ம பெரிய வயல்தான். மொத அறுப்பு.”

“என்னைக்கு அறுத்தே?”

“மார்கழி இருவதுக்கு மேல இருக்கும்.”

“என்ன நெல்லு போட்டிருந்தே?”

“பொன்னிதான்.” ஒரு கணமும் யோசிக்கவில்லை. நெல் விஷயத்தில் பொய் சொல்ல ஒரு விவசாயிக்கு யோசனை எதற்கு?

“நல்லா விளைஞ்சிருக்கா?”

“ஏ அப்பா! நீ பாக்கணுமே. கதிரு தலை சாஞ்சு கெடக்கு.”

“அப்ப எனக்கு ஒரு கொத்துக் கதிர் அனுப்புண்ணே. அடுத்த வாரம் யாராச்சும் வர்றவங்கள்ட்ட குடுத்துவிடு. வாசல்ல கட்டணும்.”

“ஒரு கொத்து என்ன, ஒரு கட்டே அனுப்புறேன். கதிருக்கா பஞ்சம்?”

கரும்பும் கையுமாக நின்ற தங்கமணி தன் புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, அங்க கதிரு ஏது? நாம போனப்பச் செம்மண்ணுல்ல கொட்டிக் கெடந்துச்சு? நம்ம மூலை மனைக்குக் கல்லுகூட நட்டாச்சே?”

அவளுக்குச் சூது வாது கிடையாது. புருஷன் எதைச் சொன்னான், எதை மறைத்தான் என்று கணக்கு வைத்துக்கொள்கிற பெண் இல்லை. போனில், ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் தூரத்தில் கேட்டது.

இளஞ்செழியன்தான் முதலில் வாயைத் திறந்தான். “எந்த மனைடா? ரோட்டோரம்னு சொன்னீங்களே, அது இவங்க வயலா?”

நாகநாதன் கூரையைப் பார்த்தான். “மாப்ளே, அது வந்து, பத்திரம் பதிவானதும் சொல்லலாம்னுதான்…”

“மூலை மனையை இவருக்குன்னு சும்மாவே ஒதுக்கியிருக்காரு அவங்க அண்ணன். கையெழுத்து வாங்கிக் குடுத்தா” என்று தங்கமணி விளக்கம் சொன்னாள். சொன்ன பிறகுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கரும்பைக் கீழே வைத்தாள்.

விஜயலட்சுமி போனைக் கையில் எடுத்தாள். “அண்ணே, இருக்கியா?”

“இருக்கேன்.” குரலில் இருந்த தேன் எல்லாம் வற்றிவிட்டது. “ஆமாண்டி, கொட்டுனேன். ஆவணியிலயே கொட்டிட்டேன். இப்ப என்ன அதுக்கு? மூணு வருசம் ஆத்துல தண்ணி வரலையே, அப்ப நீயா வந்து எறச்சே? ஆள் கெடைக்கல, உரம் கெடைக்கல, வெளஞ்சதை வாங்க நாதி இல்ல. நீ அங்க ஒம்போதாவது மாடியில காத்தாட உக்காந்துகிட்டு வயலு வயலுங்குறே. இங்க வந்து ஒரு போகம் வெள்ளாமை பண்ணிப் பாரு, தெரியும்.”

“பண்ணியிருக்கேன். ஆறு போகம். நீ மலேசியால தட்டு கழுவிக்கிட்டு இருந்தப்ப.”

“சொல்லிக் காட்டுறியா?”

“ஆமா, சொல்லித்தான் காட்டுறேன்! சொல்லிக் காட்டாம இருந்ததுக்குத்தான் பந்தியில வச்சு என் மூஞ்சில துப்புனே.” நஃபீசா தோளைத் தொட்டாள், அவள் உதறிவிட்டாள். “மண்ணு கொட்டுனதுக்கு நான் கோவப்படல. நீ நேரா கேட்டிருந்தா, விஜயா, என்னால முடியல, வித்துடலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன். நேத்திக்குப் போடுறேன்னுதான் சொல்லியிருந்தேன், கேளு உன் மச்சானை. ஆனா நீ என்ன பண்ணே? கடையில போயி பழைய அரிசியை வாங்கி, அப்பா பேரைச் சொல்லி, மஞ்சத் துணில முடிஞ்சு அனுப்பியிருக்கே. அதுகூடப் பரவால்ல.”

மூச்சு வாங்கினாள்.

“அதுல நெல்லு கலந்தியே. எங்கேருந்துண்ணே பொறுக்குனே? யார் களத்துல பொறுக்குனே? நாலஞ்சு நெல்லைப் போட்டுவிடு, அவ நம்பிடுவான்னு உனக்குத் தோணிச்சு பாரு! என்னை அவ்ளோ நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கே நீ. வேற யாருக்கும் தெரியாது நான் அதுக்கு விழுவேன்னு.”

பின்னால் அவன் மனைவி ஆனந்தவல்லி, “வச்சுட்டு வாங்க, பால் பொங்குது” என்று கூப்பிட்டது கேட்டது.

“கையெழுத்துப் போடாட்டி நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் போவணும்” என்றான் கடைசியில். “முன்பணம் வாங்கியாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

“போட்டுக்க. நல்ல துண்டா வாங்கிப் போட்டுக்க.”

போனை வைத்தாள்.

ஹாலில் யாரும் உட்காரவில்லை. நாகநாதன் கடிகாரத்தைப் பார்க்கப் போனவன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இளஞ்செழியன் அவனைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பால்கனிக்கு அனுப்பினான். எட்டு வருஷத்துச் சிநேகிதம் அன்றைக்குச் சமையல்கட்டு வாசலில் நின்று முழித்துக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க…”

“அந்த வார்த்தையை இன்னொரு தடவ சொன்னீங்கன்னா கரண்டியால அடிப்பேன். நான் ஒருத்தன்ட்ட தங்கச்சியா இருந்ததே போதும்.”

“கோவத்துல எல்லாரும் பேசுறதுதான். நாளன்னைக்கு யோசிச்சுப் பாத்தீங்கன்னா உங்களுக்கே…”

“நாகநாதா, வாயை மூடுறா” என்றான் இளஞ்செழியன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரு சிநேகிதனை அதட்டி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் அடுப்புக்குத் திரும்பினாள். நஃபீசா கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கொடுக்க, அந்தப் பிடிவாதம் பிடித்த அரிசியை அரை மணி நேரம் நின்று கிண்டினாள். ஒரு வழியாகக் குழைந்தது. வெல்லம் போட்டாள், நெய் விட்டாள், நஃபீசாவின் தேங்காயைத் துருவிப் போட்டாள். பிள்ளைகள் பசியோடு நின்றார்கள். எல்லாருக்கும் வைத்தாள், நாகநாதனுக்கும்.

“சாப்பிடுங்க. கடை அரிசிதான். பயப்படாதீங்க.”

அவன் நின்றுகொண்டே தின்றான். தங்கமணி ஒரு வாய் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அவள் மேல் விஜயலட்சுமிக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த இருப்பில் சமாதானம் சொல்லவும் தெம்பில்லை.

அவர்கள் கிளம்பும்போது மணி பதினொன்றரை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நாகநாதனை, “ஒரு நிமிசம் நில்லுங்க” என்றாள். உள்ளே போய்த் தாம்பாளத்தைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள். பிரிக்காத சுங்குடிச் சேலையை அதில் வைத்தாள். சேலைமேல் பத்திரத்தை விரித்து வைத்தாள். அவள் பெயர் அச்சடித்திருந்த இடத்துக்கு மேலே, கையெழுத்துக்கு விட்டிருந்த கோடு வெறுமையாக இருந்தது.

“பானை எங்க அம்மாது. அது இங்கயே இருக்கும்.”

நாகநாதன் தலையாட்டினான்.

அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். சின்னக் கிண்ணத்தை எடுத்து வந்து, அதிலிருந்ததை அந்தக் கோட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். ஏழு நெல்.

“சீர் வந்த தாம்பாளத்தை வெறுமையாத் திருப்பக் கூடாது. எங்க அண்ணன் கையில குடுத்துடுங்க. இந்த வருசம் பெரிய வயல்ல விளைஞ்சது அவ்ளோதான்னு சொல்லுங்க.”

நாகநாதன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். லிஃப்டுவரைக்கும், நெல் உருண்டு விழாமல், பார்த்துப் பார்த்து நடந்து போனான்.